மைமுனா வெளியே வந்த நாள்

நபீசாவுக்குக் கோபம் வந்தால் வெங்காயம் வெட்டுவாள். கறிக்கு வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் பிறகு. மகன் மௌத்தாகி மண்ணுக்குள் போன நாளில் இருந்து, மெல்பேர்னின் ட்ருகனினாவில் அந்த வீட்டுக் குசினியில் பொரித்த வெங்காயம் போத்தல் போத்தலாக நிரம்பிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், பள்ளிவாசலுக்குக் கொடுத்தாள், மகள் மிஸ்னாவின் காரில் ஏற்றி அனுப்பினாள். அப்படியும் முடியவில்லை. கணவர் நிஸ்தார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் பேச்சு எங்கே வந்து நிற்கும் என்று மனிதருக்கு நன்றாகத் தெரியும்.

மகன் ஸஃப்வான் கடல் உயிர்களைப் பற்றிப் படித்தவன். மெல்பேர்னில் கைநிறையச் சம்பளத்தோடு கிடைத்த வேலையை உதறிவிட்டுக் கென்யாவின் வடகரைக்குப் போனான். லாமு என்ற பழைய துறைமுகத்துக்கும் மேலே, சோமாலிய எல்லைக்குக் கிட்ட, வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள். தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கண்டல் காடு. வெளிப்பக்கம் அலையைத் தடுக்கிற பவளப் பார். பாருக்கு உள்ளே, ஆழமில்லாத தண்ணீரில், கண்ணுக்கு எட்டிய தூரம் கடல்புல். அந்தப் புல்லை மேய வரும் கடல்பசுக்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவனுடைய வேலை. மன்னார் ஆட்கள் ஆவுளியா என்று சொல்வது அதைத்தான். நிஸ்தார் மன்னாரில் பிறந்தவர், சின்ன வயதில் அதன் இறைச்சியை ருசித்துச் சாப்பிட்டவர். மகன் அதைக் காப்பாற்றப் போகிறான் என்றதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். நபீசா சிரிக்கவில்லை.

"தரையில இவ்வளவு மாடு நிக்கேக்க, இவன் கடலுக்குள்ள மாடு தேடிப் போறான்" என்றாள்.

அங்கிருந்து அவன் குரல் பதிவுகள் அனுப்பிக்கொண்டே இருந்தான். தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண்கள் குச்சியோடு பாருக்குப் போய்க் கணவாய் மீன் பிடிப்பதையும், சேற்றில் வெள்ளை வெள்ளையாக நண்டு தின்னும் பறவைகள் இறங்குவதையும், எதிர்க்கரைக் காட்டில் இருந்து யானைகள் கடற்கரை மணல்வரை வந்து நிற்பதையும் சொல்வான். ஒருநாள் மூச்சு வாங்க வாங்கப் பேசியிருந்தான். "இண்டைக்குக் கண்டன் உம்மா. தாயும் குட்டியும். தாய் மூச்சு விட மேல வந்தா. குட்டி அவட முதுகோட ஒட்டிக்கொண்டு வந்திச்சு." நபீசா அதைத் தங்கைக்கும் தங்கையின் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினாள். வெளியே திட்டினாலும் உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான்.

பெருமைக்கு ஆயுசு குறைவு. அவன் தங்கியிருந்த தீவில் கிபிலானி என்ற ஊரில் பஜூனி மக்கள் இருந்தார்கள். மீன் பிடிப்பவர்கள், மரக்கலம் கட்டுபவர்கள், தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள். ஆமைகள் கரைக்கு வந்து முட்டையிடும் மாதங்களில் அந்த ஊர்ப் பெண்கள் முறைவைத்துக் கூடுகளுக்குக் காவல் இருப்பார்களாம். அவர்களில் ஒருத்தியான மைமுனாவை அவன் நிக்காஹ் செய்துகொண்டான். செய்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னான். நபீசா புத்தளத்தில் அவனுக்குப் பெண் பார்த்து, பேச்சுவார்த்தை முக்கால்வாசி முடித்து வைத்திருந்தாள்.

"பேர் மட்டும் எங்கட பேர்" என்றாள் ஃபோனில். "அதுக்காக அவ எனக்கு மருமகள் ஆயிடமாட்டா. இனி அவளைப் பத்தி என்னோட கதைக்காதே."

அவனும் கதைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஃபோனை வைக்கும்போது, "மைமுனா ஸலாம் சொன்னா" என்று மட்டும் சொல்வான். நபீசா, "சரி, வைக்கிறன்" என்பாள். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தெரியும். வேண்டுமென்றுதான் சொல்லவில்லை.

ஏப்ரலில் அங்கே தென்காற்று எழும்பும். அதே காற்றுத்தான் கடலைக் கடந்து கச்சான் காற்றாக மன்னாருக்கு வந்து கூரையைப் பிடுங்குகிறது என்று நிஸ்தார் சொல்வார். காற்று திரும்பிய அந்த நாட்களில் ஒரு காலை, பவளப் பாரின் வாயைக் கடக்கும்போது படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஸஃப்வானின் தலையில் படகு அடித்துவிட்டது. ஊர்க்காரர்கள் அவனைத் தூக்கி வந்து போட்டுவிட்டு நிஸ்தாருக்கு ஃபோன் எடுத்தார்கள். அங்கே ஐஸ் பெட்டி இல்லை. அலையைப் பார்த்தால் லாமுவுக்குப் படகு போகும் போலவும் இல்லை. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கட்டுமா என்று கேட்டார்கள். நிஸ்தார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அவனைக் குளிப்பாட்ட ஆள் இருக்கிறதா? இருக்கிறது என்றார்கள். அடக்குங்கள் என்றார்.

நபீசா அன்று சிட்னியில், தங்கை மகளின் கல்யாணத்தில் இருந்தாள். நிஸ்தார் அவளுக்குச் சொல்லவில்லை. தனியாகக் கேட்டுத் துடித்துப் போவாளே என்று பயந்து, மறுநாள் அவள் மெல்பேர்ன் வந்து இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தார். மனிதர் நல்லது நினைத்துத்தான் செய்தார். ஆனால் மகனை மண்ணுக்குள் வைத்த நேரத்தில் அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பிரியாணி தின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் தடவை வேறு கேட்டு வாங்கித் தின்றாள். எந்தத் தாய்க்கு அது தொண்டையை விட்டு இறங்கும்?

அதனால்தான் வெங்காயம். அதனால்தான் அவள் பிடித்த பிடியும்.

"என்ட புள்ளைய இஞ்ச கொண்டு வாங்க" என்றாள் நிஸ்தாரிடம். "என்னட்டக் கேக்காமத் தாட்டீங்க. நீங்களே தோண்டி எடுத்துத் தாங்க."

"அப்பிடிச் செய்யேலாது நபீசா. கபுறைக் கிளறக் கூடாது எண்டு இமாமும் சொல்லுறார்தானே. கட்டாயம் இருந்தாத்தான்."

"பெத்தவட மனசு கட்டாயம் இல்லையா?"

நிஸ்தார் ஃபோனை எடுத்தார். கபுறின் படம் ஒன்று அதில் இருந்தது. ஊர்க்காரர் அனுப்பியது. அதை நபீசாவிடம் நீட்டியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்துவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். மெல்பேர்ன் அடக்கஸ்தலத்தில் இடம் பார்க்கச் சொல்லி மிஸ்னாவை அனுப்பினாள். "உம்மா, he's resting there, விடுங்களேன்" என்று மிஸ்னா கெஞ்சிப் பார்த்தாள். நபீசா விடுகிற ஆளா? தூதரகம்வரை போனாள். அங்கிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது: கபுறைத் திறப்பதென்றால் மனைவியின் சம்மதம் வேண்டும்.

மருமகளே இல்லை என்று சொன்னவள் இப்போது அந்த மருமகளின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

இரண்டு தெரு தள்ளி ஸெய்தூனி என்று ஒரு பெண் இருந்தாள். லாமுக்காரி. பெரிய சாலைப் பக்கத்துப் பார்சல் கிடங்கில் வேலை. அவளுடைய சின்னம்மா குடும்பம் கிபிலானியில் இருந்தது. பள்ளிவாசலில் பெண்கள் பக்கம் வைத்துப் பழக்கமானவள். நபீசாவுக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது ஆளுக்குப் பாதி ஆங்கிலம். நபீசா அவளைப் பிடித்து, மைமுனாவிடம் சம்மதம் கேட்கச் சொன்னாள்.

ஸெய்தூனி கேட்டுவிட்டு வந்தாள். "அவள் இத்தாவில் இருக்கிறாள், ஸிஸ்டர். முதலில் உங்களுக்கு ஸலாம் சொன்னாள். இத்தா முடிந்து வெளியே வந்ததும், முதல் வேலையாகக் கபுறடிக்குப் போவாளாம். அங்கே நின்று உங்களுக்குத் தானே பதில் சொல்வாளாம்."

இத்தா என்றால் நபீசாவுக்கு விளக்கம் வேண்டியதில்லை. புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டமாட்டாள். அலங்காரம் இல்லை, அந்நிய ஆண் பேச்சு இல்லை. புத்தளத்திலும் அப்படித்தான், கிபிலானியிலும் அப்படித்தான். சரி, இருக்கட்டும் என்று நபீசா காத்திருந்தாள். ஸலாமுக்கு அப்போதும் அவள் பதில் சொல்லி அனுப்பவில்லை.

குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள். ஆகஸ்ட் முடியும்போது இத்தாவும் முடிய வேண்டும். ஆகஸ்ட் போனது. செப்டம்பர் பிறந்தது. மைமுனாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு பின்னேரம், அடுப்பில் இருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு நபீசா ஸெய்தூனி வீட்டுக்கு நடந்தாள். கதவு திறக்கும் முன்பே பேச்சு தொடங்கிவிட்டது.

"எங்கே உன் மைமுனா? இத்தா முடிந்துவிட்டதுதானே. ஏன் இன்னும் கபுறடிக்குப் போகவில்லை?"

"அவள் இன்னும் வெளியே வரவில்லை, ஸிஸ்டர்."

"ஏன் வரவில்லை? என் பிள்ளையைத் தரக் கூடாது என்று ஒளிந்துகொண்டிருக்கிறாளா?"

ஸெய்தூனி வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். சட்டையின் பொத்தானைத் திருகினாள். "ஒளியவில்லை. வெளியே வர முடியாது. என்னிடம் கேட்காதீர்கள், நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றாள்.

"வாக்காம் வாக்கு" என்று தமிழில் முணுமுணுத்தபடி நபீசா திரும்பினாள். கிடங்குகளின் நீளச் சுவரோரம் நடந்தாள். லொறி ஒவ்வொன்றாகக் கடந்து போகும்போது காற்று அவளுடைய முக்காட்டைப் பிடித்து இழுத்தது. இத்தா முடிந்த பிறகும் வெளியே வரமாட்டாளாம். இது எந்த ஊர்ச் சட்டம்? புருஷன் போனால் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தானே. கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவும்தான் இத்தா இருந்தாள். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட காலத்தில், புத்தளம் அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள், சேலையால் மறைப்புக் கட்டி. ராத்தா எவ்வளவு காலம் இருந்தாள்? மற்றவர்களைவிடக் கூடத்தானே இருந்தாள். பிள்ளை பிறக்கும்வரை இருந்தாள்.

நபீசாவின் கால் நின்றுவிட்டது.

வயிற்றில் பிள்ளை இருந்தால் மாதக் கணக்குச் செல்லாது. பிள்ளை வயிற்றை விட்டு இறங்கும்வரை இத்தாதான், இறங்கிய அன்றே அது முடிந்துவிடும். சின்ன வயதில் இருந்து தெரிந்த விஷயம். இருந்தும் தன் மகனையும் அந்தச் சட்டத்தையும் சேர்த்து அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. பஸ் தரிப்பில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தாள். மகன் போன பிறகு அவள் அழுதிருக்கிறாள், கத்தியிருக்கிறாள், நிஸ்தாரைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். இப்படி நெஞ்சு நிரம்பியது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து நிஸ்தாருக்குச் சொன்னபோது அவர் கதிரையை விட்டு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், பிறகு போய்க் கைகால் கழுவி வுளூச் செய்துகொண்டு வந்து தொழுதார். தொழுது முடித்த பிறகும் முஸல்லாப் பாயை விட்டு எழும்பவில்லை.

மறுநாள் ஸெய்தூனியின் ஃபோனில் மைமுனாவைக் கூப்பிட்டார்கள். நீலச் சுவர் ஒன்றுக்கு முன்னால், தலையில் வெள்ளைத் துணியோடு, கறுத்து மெலிந்த ஒரு பெண் முகம். மிஸ்னாவைவிடச் சின்னவள். ஸஃப்வானிடம் படித்த ஆங்கிலத்தில்தான் பேசினாள். அவன் எங்கே நிறுத்துவானோ அங்கே நிறுத்தி, அவன் இழுக்கிற இடத்தில் இழுத்து. அதைக் கேட்டதும் நபீசா யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"அஸ்ஸலாமு அலைக்கும், உம்மா" என்றாள் மைமுனா. உம்மா என்ற சொல்லை அவனே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றாள் நபீசா. அதுவரை வந்த அத்தனை ஸலாமுக்கும் சேர்த்துச் சொன்னது போல இருந்தது. "எனக்கு ஏன் சொல்லவில்லை?"

மைமுனா கண்ணைத் தாழ்த்தினாள். "நீங்கள் உங்கள் மகனைக் கேட்டீர்கள். பிள்ளையைக் காட்டி அவரைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன்."

அப்படி நினைத்திருப்பாளா? நினைத்திருப்பாள். நபீசாவுக்குத் தன்னைப் பற்றித் தெரியாமலில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த மாதம் வீட்டில் வெங்காய வாசம் குறைந்தது. பின்னேரமானால் மைமுனாவின் அழைப்பு வரும். அங்கே காலை. அவள் அறை ஜன்னலுக்கு ஃபோனைக் காட்டுவாள். வெளியே மணல், அதற்கு அப்பால் பாய் விரித்த படகு, ஜன்னலுக்குப் பக்கத்தில் பெருத்த வயிறும் குட்டைக் கிளைகளுமாக ஒரு மரம். நிஸ்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது பெருக்க மரமல்லவா" என்றார். "எங்கட மன்னாரில பள்ளிமுனையில நிக்கிற அதே மரம். அரபிக்காரர் மரக்கலத்தில கொண்டு வந்து நட்டதெண்டு சொல்லுவாங்க. அங்க இருந்துதான் வந்திருக்கு போல."

"மரம் கிடக்கட்டும்" என்றாள் நபீசா. "புள்ளைட முகத்தைப் பாக்க விடுங்க." புள்ளை என்று அவள் சொன்னது மைமுனாவை. நிஸ்தார் கவனித்தார், ஃபோனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மைமுனா ஆமைகளைப் பற்றிச் சொல்வாள். கடல்புல்லைப் பற்றிச் சொல்வாள். ஸஃப்வான் போன பிறகு, அவன் தேடிய அந்தத் தாயும் குட்டியும் ஊருக்கு எதிரே தெரிந்ததாக மீன்பிடிகாரர் வந்து சொன்னார்களாம். தனக்குத்தான் போய்ப் பார்க்க முடியவில்லையாம். "வெளியே வந்ததும் முதலில் அவருடைய கபுறு. அங்கிருந்து உங்களைக் கூப்பிடுவேன். அது நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கு" என்பாள்.

"அவசரமில்லை" என்பாள் நபீசா. "எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு நல்லது. டிசம்பரில்தானே பிள்ளைக்கு நாள், அதுவரை உள்ளேயே இரு." கபுறடியில் இருந்து வரும் பதிலுக்காக மாதக்கணக்காகத் துடித்தவள், இப்போது அந்த அழைப்பு நாளுக்கு முன்னால் வந்துவிடக் கூடாதே என்று ஐந்து நேரத் தொழுகையிலும் துஆக் கேட்டாள்.

பிறந்த பிள்ளையைப் புதுத் துணியில் சுற்றக் கூடாது, தகப்பன் இடுப்பில் கட்டிய பழஞ்சாரத்தில்தான் சுற்ற வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன துணிதான் அந்தப் பச்சைத் தோலுக்கு ஒத்துக்கொள்ளும். ஸஃப்வானின் அலுமாரியை நபீசா அவன் மௌத்துக்குப் பிறகு திறந்ததே இல்லை. அன்று திறந்தாள். நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று அடியில் இருந்தது. வாசனை இல்லாத சவர்க்காரத்தில் துவைத்து, பின்வளவுக் கொடியில் காயப்போட்டு, அதைக் காவல் காத்துக்கொண்டு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸெய்தூனியின் தம்பி மொம்பாசாவுக்குப் போகிறான் என்றதும் அவனிடம் கொடுத்து அனுப்பினாள். சாரம் கிபிலானிக்குப் போய்ச் சேர்ந்த அன்று, மைமுனா அதைத் திரையில் விரித்துக் காட்டிவிட்டு முகத்தில் வைத்துக்கொண்டாள்.

இருந்தும் நபீசா ஒன்றை மட்டும் கைவிடவில்லை. மெல்பேர்னில் மகனுக்குப் பார்த்து வைத்த அந்த இடம். "பிள்ளை பிறக்கட்டும்" என்றாள் நிஸ்தாரிடம். "மைமுனாவையும் பிள்ளையையும் இஞ்ச கூப்பிடுவம். அவனையும் கொண்டு வருவம். எல்லாரும் ஒரே இடத்தில இருப்பம். இதில என்ன பிழை?"

"ஒரு பிழையும் இல்ல" என்றார் நிஸ்தார். அவர் அவளோடு சண்டை போடும் தெம்பை இழந்து கனகாலம்.

அக்டோபர் நடுவில் சில நாட்கள் மைமுனாவின் அழைப்பு வரவில்லை. தீவில் சிக்னல் அடிக்கடி போகும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸெய்தூனியும் பள்ளிவாசல் பக்கம் வரவில்லை. கிடங்கில் வேலை கூட என்று நினைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். மிஸ்னா வந்திருந்தாள். கடையில் பார்த்த தொட்டில் ஒன்றின் படத்தை நபீசா அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. மைமுனாதான். நபீசா முகம் மலர்ந்து, ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

திரையில் நீலச் சுவர் இல்லை.

வெயில் இருந்தது. கண் கூசுகிற வெள்ளை மணல் இருந்தது. மைமுனாவின் தலைத்துணி காற்றில் படபடவென்று அடித்தது. அவளுக்குப் பின்னால் கடல், வானம், தூரத்தில் பாரில் உடைகிற அலை. நாலு பக்கமும் திறந்த வெளி.

மிஸ்னா, "Oh, she's outside! எவ்வளவு வடிவான இடம்" என்றாள். அவளுக்கு விளங்கவில்லை. நிஸ்தாரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மரம் தெரிகிறதா என்று பார்த்தார். அவருக்கும் உடனே விளங்கவில்லை. நபீசாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

"ஏன் வெளியில வந்தாய்?" என்றாள். ஆங்கிலம் மறந்துபோய்த் தமிழில் கேட்டாள். "அல்லாவே, ஏன்டி வெளியில வந்தாய்?"

மைமுனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கேள்வி புரிந்தது. ஃபோனைக் கீழே திருப்பினாள்.

தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பவளக் கல் நட்ட ஒரு கபுறு. பேர் இல்லை, ஒன்றுமில்லை. மணல் இறுகி, ஓரத்தில் சின்னப் பூண்டு முளைத்திருந்தது. இவ்வளவு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நபீசா மகனின் கபுறை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில், தொட்டுக்கொண்டு, இன்னொன்று இருந்தது. ஒரு முழம் வராது. அதன் மணல் இன்னும் ஈரமாக, சுற்றியிருந்த மணலைவிடக் கறுப்பாக இருந்தது.

மிஸ்னா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிஸ்தார், "இன்னாலில்லாஹி" என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை.

"ஆண் பிள்ளை" என்றாள் மைமுனா. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் காற்றோடு வந்தது. "சத்தம் போடவில்லை. மூச்சும் விடவில்லை. நாளுக்கு முன்பே வலி வந்து, லாமுவுக்குக் கொண்டுபோக என்னைப் படகில் ஏற்றினார்கள், அதற்குள் பிறந்து எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய சாரத்தில்தான் சுற்றினோம், உம்மா. வேறு எதிலும் சுற்ற எனக்கு மனம் வரவில்லை."

நபீசா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பின்வளவில் காய்ந்த அந்தச் சாரம், அதற்குக் காவலாகத் தான் உட்கார்ந்திருந்தது, எல்லாம் கண்முன் வந்தன. இப்போது அழுதால் மைமுனா அங்கே தனியாக நின்று அழுவாள் என்று அழுகையை அடக்கிக்கொண்டாள்.

மைமுனா ஃபோனைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டினாள். கண் வீங்கியிருந்தது. ஆனாலும், சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

"நான் வாக்குக் கொடுத்தேன். வெளியே வந்ததும் கபுறடியில் நின்று பதில் சொல்வேன் என்று. என் சம்மதம் கேட்டீர்கள். தருகிறேன். அவரை நீங்கள் கொண்டு போங்கள். பெற்றவர் நீங்கள்தான். இனி அவரை இங்கே வைத்திருக்க என்னிடம் எதுவும் இல்லை."

நிஸ்தார் நபீசாவைப் பார்த்தார். மிஸ்னாவும் பார்த்தாள். இந்த ஒரு வார்த்தைக்காக அவள் இமாமோடு சண்டை பிடித்தது, தூதரகத்துக்கு அலைந்தது, நிஸ்தாரோடு குளிர்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது எல்லாம் அவர்கள் இருவருக்கும் தெரியும். கேட்டது கிடைத்துவிட்டது. அவள் ஓம் என்றால் போதும்.

நபீசா அந்தச் சின்ன மேட்டையே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லாத கடற்கரை. காற்று. இரவானால் காட்டு மிருகம் வந்து போகிற இடம். அந்தப் பச்சைப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுத் தகப்பனை மட்டும் தோண்டித் தூக்கிக்கொண்டு வருவதா? தன் பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும் என்று அவள் இவ்வளவு நாள் சண்டை போட்டாள். அவனுக்கும் இப்போது ஒரு பிள்ளை இருந்தது.

"வேணாம்" என்றாள்.

"உம்மா?" என்றாள் மைமுனா.

"வேண்டாம் மகள். அவன் அங்கேயே இருக்கட்டும்." நபீசாவுக்கு ஆங்கிலம் திரும்ப வந்திருந்தது, சொல் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "பிள்ளைக்குப் பக்கத்தில் வாப்பா வேண்டும். தனியாக விடக் கூடாது."

அதுவரை நிமிர்ந்து நின்ற மைமுனா அப்போதுதான் உடைந்தாள். மணலில் அப்படியே குந்திவிட்டாள். ஃபோன் கை நழுவி, திரையில் வானம் மட்டும் தெரிந்தது. அவள் அழுகிற சத்தமும் அலைச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. இங்கே மேசையில் நிஸ்தார் குனிந்து அழுதுகொண்டிருந்தார். மாதக்கணக்குக்குப் பிறகு நபீசா கையை நீட்டி அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு ஃபோனை இரண்டு கையாலும் எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனாள்.

"மைமுனா. மகள், கேட்கிறதா? பிள்ளை பெற்ற உடம்பு. அந்த வெயிலும் காற்றும் சரியில்லை" என்றாள். "எழும்பி உள்ளே போ."